கந்தப்புவுக்குச் செங்கல், தபாலதிபருக்கு ஊசி

பெரிய டொக்டர், போன வருட ஆஸ்பத்திரி மலரில் நீங்கள் எழுதியது பொய். "எங்கள் நோயாளர் விடுதியில் அந்தப் பத்துக் கேள்வித் தாள் ஒரு முதியவரையும் கைவிட்டதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளை நிரப்பியது நீங்கள் இல்லை, நான். உங்கள் பெயரை எழுதக் கூடாது என்று மலர்க் குழுப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். எழுதவில்லை. உங்களுக்கு உங்களைத் தெரியும்.

இப்போது வேலையில் இருக்கும் தாதியர் இரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். வயதான நோயாளிகள் தங்கள் வேலையைத் தாங்களே செய்வார்களா என்று கேட்டுப் புள்ளி போடும் தாள் மறுபடியும் வரப்போகிறதாம். "மிஸி, உங்கடை காலத்திலை இதை எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு நல்லதா நாலு வரி எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். நல்லதாக எழுத எனக்கு வராது. இந்தப் பிள்ளைகளுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

எண்பத்து மூன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மூன்று வருடம். விரிப்பின் மூலையை மடிக்கவும், மேட்ரன் வருவதைச் சப்பாத்துச் சத்தத்தில் அறியவும், அழுகை வந்தால் குளியலறையில் அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வரவும் கற்றுத் தந்தார்கள். மற்ற எல்லாவற்றையும் விடுதியில்தான் கற்றேன். தொண்ணூற்றொன்றில் என்னை ஆண்கள் மருத்துவ விடுதிக்குப் போட்டார்கள். பெரிய டொக்டரும் அங்கேதான் இருந்தார்.

பெரிய டொக்டர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு மறந்துவிடும். கொழும்பில் பிறந்து வளர்ந்த மனிதர், சண்டைக்குப் பயந்து எல்லாரும் அந்தப் பக்கம் ஓடிய காலத்தில் இந்தப் பக்கம், யாழ்ப்பாணத்துக்கு, வந்தார். ஆனால் அவருக்கு மனிதரின் முகம் தெரியாது, கால்தான் தெரியும். கட்டிலடிக்கு வந்தால் போர்வையைக் கால் பக்கமாகத் தூக்குவார். "எப்பிடி இருக்கிறீர்?" என்று கெண்டைக்காலைக் கேட்பார். பதில் தலைப் பக்கத்திலிருந்து வந்தால் திடுக்கிடுவார். வீதியில் கண்டால் பழைய நோயாளியை அடையாளம் தெரியாது. அவர் சாரத்தைக் கொஞ்சம் தூக்கினால், "அட, நீரோ" என்பார்.

அவரது கோட்டுப் பையில் தையல்காரரின் அளவு நாடா ஒன்று இருக்கும். காலின் உள் நாளத்தில் இரத்தம் கட்டினால் கால் வீங்கும். முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் வைத்து, நீலப் பேனையால் ஒரு கோடு போடுவார். தினமும் அதே கோட்டில் நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். கோடு அழிந்தால் எனக்குத் திட்டு. நோயாளி காலைக் கழுவினால் நோயாளிக்கு ஒன்றும் இல்லை, அதற்கும் எனக்குத்தான் திட்டு. சவர்க்காரக் கட்டியை நூலால் ஆறாக வெட்டிப் பாவித்த அந்தக் காலத்தில் யாரும் காலைக் கழுவித் தேய்க்கவில்லை என்பது எனக்கு ஒரு வசதி.

வீக்கம் பெரிய விஷயம் இல்லை. அந்தக் கட்டி உடைந்து நெஞ்சுக்குப் போனால் ஆள் முடிந்தது. அப்படிப் போகாமல் இருக்க ஹெப்பரின் என்ற ஊசி போட வேண்டும். பொருளாதாரத் தடைக் காலம், ஊசி மருந்து எங்களுக்கு எப்போதாவதுதான் வரும். வந்த குப்பிகளை ஓர் அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பெரிய டொக்டர் தன் கழுத்தில் ஒரு கயிற்றில் போட்டிருந்தார். பூணூல் மாதிரி.

குப்பி யாருக்கு என்று முடிவு செய்யத்தான் அந்தத் தாள். நோய் வருத்தம் வர முன்பு தானாகச் சாப்பிடுவாரா, குளிப்பாரா, உடுப்பாரா, முகம் வழிப்பாரா, கக்கூசுக்குப் போவாரா, சலம் அடக்குவாரா, மலம் அடக்குவாரா, எழும்பிக் கதிரையில் இருப்பாரா, நடப்பாரா, படி ஏறுவாரா. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எழுபது வயதைத் தாண்டியவருக்குப் பத்துக்குப் பத்து வேண்டும். ஒன்று குறைந்தாலும் குப்பி இல்லை, கட்டிலின் கால் பக்கத்தைச் செங்கல்லில் ஏற்றிவிட்டுப் பார்த்திருக்க வேண்டியதுதான். தன் வேலையைத் தானே பார்த்த கிழவர்தான் வருத்தத்திலிருந்து எழும்புவார், அதிக நாள் இருப்பார் என்பது அவருடைய எண்ணம். அது சரி. நானும் கண்ணால் கண்டது. பிழை அதில் இல்லை. பிழை, யாரைக் கேட்டு நிரப்பினோம் என்பதில்.

உரும்பிராயிலிருந்து கந்தப்பு வந்தார். எழுபத்தாறு வயது. வெங்காயம், புகையிலை செய்கிறவர். கிணற்றடியில் வழுக்கி விழுந்து குதிக்கால் சுளுக்கியதாம். பிள்ளைகள் அவரைப் பதின்மூன்று நாள் கட்டிலை விட்டு இறங்க விடவில்லையாம். பதினாலாம் நாள் இடது கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஒரு காலைப் பதின்மூன்று நாள் அசைக்காமல் வைத்தால் வீங்காமல் என்ன செய்யும்?

பார்வையாளர் நேரத்தில் தாளோடு போனேன். கட்டிலைச் சுற்றி ஒரு கோயில் கூட்டம். மகள் பூரணம், மகன் குணம், குணத்தின் மனைவியுடைய ஆட்கள் அரியாலையிலிருந்து நாலு பேர்.

"தானாச் சாப்பிடுவாரோ?" என்று கேட்டேன்.

"ஐயோ மிஸி, அப்பு கை நனைக்கிறேல்லை," என்றாள் பூரணம். "குழைச்சு ஊட்டிவிடுறது நான்."

"குளிக்கிறது?"

"நான்தான் வாக்கிறது," என்றான் குணம். "வாளியைத் தொடவே விடுறேல்லை."

"நீ எப்ப வாத்தனி? நான் மிஸி வாக்கிறது."

"கிழமையிலை நாலு நாள் நான்."

"எந்தக் கிழமையிலை?"

முகம் வழிப்பதற்கும் இருவரும் உரிமை கேட்டார்கள். இந்தக் கன்னம் எனக்கு, அந்தக் கன்னம் உனக்கு என்று காணி பிரிக்காத குறை. உடுப்பாட்டுவது பூரணம், கக்கூசுக்குக் கூட்டிப்போவது குணம், எழுப்பிக் கதிரையில் இருத்தவும் நடக்கும்போது பிடிக்கவும் ஆளுக்கொரு கை. சலம், மலம் அடக்குவதை மட்டும் அவரே செய்கிறார் என்று இருவரும் விட்டுக்கொடுத்தார்கள். கந்தப்பு முகட்டைப் பார்த்துக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நிறைவாகக் கிடந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அரியாலை ஆட்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள்.

கடைசியாகப் படி. எங்கள் கிராமங்களில் மாடி வீடு எத்தனை? முன்பெல்லாம் நான், "கீரிமலைக்குப் போனால் தீர்த்தக் கேணிப் படியிலை இறங்கி ஏறுவாரோ?" என்று கேட்டுப் புள்ளி போடுவேன். கீரிமலைப் பக்கத்தை இராணுவம் எடுத்து ஒருவரும் போக முடியாமல் போன பிறகு அந்த வழியும் அடைபட்டது. "எங்கடை வீட்டிலை படியே இல்லை மிஸி" என்றார்கள். பூச்சியம்.

மொத்தம் இரண்டு. பெரிய டொக்டர் காலை அளந்தார், கோடு போட்டார், தாளைப் பார்த்தார், "செங்கல்" என்றார். கீழே கையெழுத்து வைத்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். அவருக்கும் காலில் கட்டி, அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. தொந்தி பெருத்த, மூச்சு வாங்குகிற, சோம்பேறி மனிதர். அவருக்குப் பத்துக்குப் பத்து. ஏன்? பிள்ளைகள் மூன்று பேரும் வெளிநாட்டில். நான் ஊட்டுகிறேன், நான் வார்க்கிறேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. நான் கேட்டதற்கு அவரே எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார், வேறு ஆள் இல்லாதபடியால் அதை எடுத்துக்கொண்டோம். யாழ்ப்பாணத்து மாடி வீடு வேறு. ஊசி கிடைத்தது. எங்கள் விடுதியில் அந்த நாளில், பிள்ளை கனடாவில் இருந்தால் தகப்பன் பிழைப்பார், பிள்ளை பக்கத்தில் இருந்தால் சந்தேகம்.

ஹெப்பரின் போட்டால் இரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, உடம்புச் சூட்டில் வைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை மெல்லச் சரித்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் இல்லை, சுடுநீர்த் தொட்டி இல்லை. ஆகவே குழாயை என் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, மற்றக் கையில் மணிக்கூட்டைப் பார்த்தபடி சிலை மாதிரி நிற்பேன். பேசினால் எண்ணிக்கை குழம்பும். தபாலதிபருக்காக அப்படி நின்றபோதுதான் கந்தப்பு முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"பிள்ளை, அவருக்குச் செங்கல்லும் ஊசியும். எனக்குச் செங்கல்லு மட்டுமோ?"

நான் பேசவில்லை.

"கோவமோ?"

நான் பேசவில்லை.

"சாமி கும்பிடுறா போலை," என்றார் தபாலதிபரிடம்.

எண்ணிக்கை போய்விட்டது. புதிதாக ஊசி குத்தி இரத்தம் எடுக்க வேண்டி வந்தது. தபாலதிபர் கந்தப்புவோடு அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கந்தப்புவின் கட்டிலடிக்குப் போய்ச் சொன்னேன்: "உங்களுக்கு ஒண்டும் ஏலாதாம். அதாலை ஊசி இல்லை."

"ஆர் சொன்னது?"

"உங்கடை பிள்ளையள். நீங்களும் கேட்டுக்கொண்டுதானே கிடந்தனீங்கள்?"

"அது சும்மா, சபைக்குச் சொல்லுறது பிள்ளை. மருமேளின்ரை ஆக்கள் நிக்கேக்கை, தேப்பன் தானே தண்ணி அள்ளிக் குளிக்கிறார் எண்டு சொன்னால் என்ன மரியாதை? பிள்ளையள் பாக்கிறேல்லை எண்டெல்லோ கதைப்பினம்."

"அப்ப நீங்களே அள்ளிக் குளிக்கிறனீங்களோ?"

"பின்னை? குணத்தின்ரை பிள்ளையளுக்கும் நான்தான் வாக்கிறது."

மிச்சத்தையும் கேட்டேன். அந்த மனிதர் விடியப் பால் கறந்து, தேத்தண்ணி போட்டு, குணத்துக்கு ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடுத்து அவனை எழுப்புகிறவர். இரண்டு மூட்டை வெங்காயத்தைச் சைக்கிளில் கட்டித் திருநெல்வேலிச் சந்தைக்குத் தள்ளிப் போகிறவர். தன் உடுப்பைத் தானே தோய்க்கிறவர், சில நாள் குணத்தின் உடுப்பையும்.

அடுத்த நாள் காலைச் சுற்றில் பெரிய டொக்டரிடம் சொன்னேன். அவர் காலைப் பார்த்தபடி சொன்னார்: "நோயாளி சொல்லுறதை எடுக்கேலாது மிஸி. கிழவர் எல்லாரும் ஏலும் எண்டுதான் சொல்லுவினம். பராமரிக்கிறவை சொன்னால்தான் தாளை மாத்தலாம்."

"தபாலதிபர் தானேதானே சொன்னவர்?"

"அவரைப் பராமரிக்க ஒருத்தரும் இல்லை. அது வேறை."

கால் அன்று இன்னும் அரை அங்குலம் கூடியிருந்தது.

இனி பிள்ளைகள் வாயால் சொல்ல வேண்டும். பின்னேரம் அதே கூட்டம் வந்தது. அரியாலை ஆட்கள் இந்த முறை ஆறு பேர். பெரிய டொக்டர் வீட்டுக்குப் போகப் புறப்பட்டு, காற்சட்டைக் காலில் சைக்கிள் கிளிப் மாட்டிக்கொண்டு விறாந்தையில் நின்றார். போய்க் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்தேன். கட்டிலைச் சுற்றி நின்றவர்களிடம் உள்ளதைச் சொன்னேன். இந்தத் தாளில் பத்து வந்தால் ஊசி, வராவிட்டால் கட்டி நெஞ்சுக்குப் போகலாம். இனி உண்மையைச் சொல்லுங்கள்.

பூரணம் அரியாலை ஆட்களைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். கண் கலங்கியது.

"சாப்பிடுறது?" என்று கேட்டேன்.

"அப்புதான்," என்றாள், சாட்சிக் கூட்டில் நின்று சொல்வது போல.

"சமைக்கிறதும் சில நாள் நான்தான்," என்றார் கந்தப்பு.

"அதைக் கேக்கேல்லை அப்பு. குளிக்கிறது?"

"அப்பு."

"முகம் வழிக்கிறது?"

"அப்பு," என்றான் குணம், நிலத்தைப் பார்த்து.

"இவனுக்கும் நான்தான் வழிச்சுவிடுறது. கை நடுங்குமாம்," என்றார் கந்தப்பு. இரண்டு நாள் மரியாதைக்காக அடக்கி வைத்திருந்த மனிதர், கேணி உடைத்தது மாதிரி இப்போது கேட்காததையும் சொல்லத் தொடங்கினார். குணத்தின் சைக்கிளுக்குக் காற்று அடிப்பது, பூரணத்தின் வேலிக்குக் கதியால் தடி போடுவது, எல்லாம். அரியாலை ஆட்களில் ஒரு அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஒவ்வொரு பதிலுக்கும் குணம் ஒரு அங்குலம் குறைந்தான்.

ஒன்பது வந்தது.

"படி?" என்றார் பெரிய டொக்டர்.

"கூரையிலை ஏறிக் கிடுகு மாத்துவன்," என்றார் கந்தப்பு.

"கூரை படி இல்லை."

"ஏணியிலைதானே டொக்டர் கூரைக்கு ஏறுறது?" என்றேன்.

"எப்ப கடைசியா ஏறினவர்?"

"போன வருசம்."

"தாளிலை கடைசி ஒரு மாதம் எண்டு இருக்கு."

அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சைக்கிள் கிளிப்பைக் கழற்றி அவர் மூக்கில் மாட்டியிருப்பேன். கந்தப்பு குணத்தைப் பார்த்தார். குணம் யன்னலைப் பார்த்தான்.

"சொல்லன்டா," என்றார் கந்தப்பு.

"என்னத்தை?"

"சொல்லு. ஆக்கள் சிரிச்சால் சிரிக்கட்டும்."

குணத்தின் முகம் கறுத்துவிட்டது. கடைசியில் சொன்னான்: "அப்பு துலா மிதிக்கிறவர்."

மண்ணெண்ணெய் இல்லாமல் நீர் இறைக்கும் மிசின் எல்லாம் நின்ற பிறகு, வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் பழைய ஏற்ற மரங்களான துலாக்களைத் திரும்பக் கட்டியிருந்தார்கள். துலாவில் ஏறி நின்று மிதிக்க இளம் ஆட்களுக்குத் தெரியாது. ஆனால் நாற்பத்தைந்து வயது மகன் நிலத்தில் நின்று தண்ணீர்ப் பட்டையைப் பிடிக்க, எழுபத்தாறு வயதுத் தகப்பன் மேலே ஏறி மிதிப்பதா? இதைச் சொல்வதை விடக் குணத்துக்குத் தன்னைக் கொண்டுபோய்ப் பொலிசில் கொடுப்பது சுகமாக இருந்திருக்கும்.

"எனக்கு உயரத்திலை தலை சுத்தும் டொக்டர்," என்றான்.

"துலா எண்டால் என்ன?" என்று கேட்டார் பெரிய டொக்டர்.

கந்தப்பு தபாலதிபரின் கைத்தடியை எட்டி எடுத்தார். தபாலதிபர் "என்ரை தடி, என்ரை தடி" என்றார், ஒருவரும் கேட்கவில்லை. தடியைக் கட்டில் சட்டத்தின் மேல் குறுக்கே வைத்து, ஒரு நுனியில் சலப் போத்தலைத் துணிக்கட்டால் கட்டித் தொங்கவிட்டார். இரண்டு விரலைத் தடியின் மேல் நடக்கவிட்டார். விரல் இந்தப் பக்கம் ஏறினால் போத்தல் எழும்பும், அந்தப் பக்கம் போனால் இறங்கும். பெரிய டொக்டர் குனிந்து அந்த விரல்களையே பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவை நோயாளியின் இடுப்புக்கு மேலே பார்க்கிறார்.

"ஒரு நாளைக்கு எத்தினை தரம் ஏறி இறங்குவீர்?"

"எண்ணினால் விழுந்திடுவன் ஐயா."

"விழுந்ததில்லையோ?"

பூரணம்தான் சொன்னாள்: "உதிலை இருந்துதான் விழுந்தவர். கிணத்தடியிலை வழுக்கினதெண்டு நாங்கள் பொய் சொன்னது."

பெரிய டொக்டர் நிமிர்ந்தார். "ஆனால் அது படி இல்லையே," என்றார்.

"படிதான்," என்றார் தபாலதிபர், கோபமாக. "படியாவது அசையாமல் நிக்கும். அவருக்குப் பத்தைப் போட்டிட்டு என்ரை தடியைத் தாங்கோ."

பெரிய டொக்டர் தாளை வாங்கி, பத்தாம் கேள்விக்கு எதிரே தன் கையால் "துலா" என்று எழுதி ஒரு புள்ளி போட்டார். கழுத்துக் கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கி, சாவியை என்னிடம் தந்தார். நான் அலுமாரியைத் திறந்தேன். முதல் ஊசியைப் போட்டபோது கந்தப்பு அரியாலை ஆட்களைப் பார்த்து, "என்ரை பிள்ளையள் பொய் சொல்லுறது என்னிலை உள்ள பாசத்திலை," என்றார். குணம் அப்போதுதான் அழுதான்.

கால் மூன்றாம் நாள் குறையத் தொடங்கியது. அடுத்த கிழமை அவர் தன் காலில் வீட்டுக்குப் போனார். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் எல்லாரும் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது வழியில் கண்டேன். எண்பது வயது. பேரப்பிள்ளையையும் ஒரு மூட்டையையும் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தார். குணம் பின்னால் வந்தான், கால் நோகுதாம்.

அன்றைக்குப் பிறகு நான் பார்வையாளர் வர முன்பு, நோயாளியைத் தனியாகக் கேட்டுத்தான் தாளை நிரப்பினேன். பெரிய டொக்டர், நீங்கள் அதற்கு ஏசினீர்கள், நான் விடவில்லை. ஆனால் இது பெருமைக்கு எழுதவில்லை.

கந்தப்புவுக்கு ஆறு கிழமைக்கு முன்பு, எழுபது தாண்டிய சாவகச்சேரிப் பக்கத்து ஐயா ஒருவர் அதே கால் வீக்கத்தோடு வந்தார். நான்கு பெண் பிள்ளைகள். நான்கு பேரும் கட்டிலைச் சுற்றி நின்று, அப்பு ஒன்றுமே செய்யமாட்டார், எல்லாம் நாங்கள்தான் என்று சொன்னார்கள். நாடி பிடித்தபோது அவருடைய உள்ளங்கை என் விரலில் பட்டது. மண்வெட்டி பிடித்த காய்ப்பு. பழையது இல்லை, தோல் உரிந்து சிவந்திருந்தது. அதைத் தொட்ட கையாலேயே நான் இரண்டு என்று எழுதினேன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்தாம் நாள் காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தார். கோப்பை விழுந்து உடைய முன்பு ஆள் போய்விட்டார்.

அந்தத் தாளில் மேலே என் கையெழுத்து. அந்தப் பூச்சியங்கள் என் பிழை. அவருடைய நான்கு பெண்களும் வாசிக்கட்டும் என்றுதான் இதை இங்கே அச்சில் சொல்கிறேன். கீழே உங்கள் கையெழுத்து. அந்த ஆறு கிழமைக்குள் எங்களுக்கு மருந்து வரவில்லை. அப்படியானால் கந்தப்புவுக்கு நான் ஏற்றிய குப்பிகள், அந்த ஐயா செத்த அன்றும் அலுமாரிக்குள்தான் இருந்தன. சாவி உங்கள் கழுத்தில் இருந்தது. அவற்றை யாருக்காக வைத்திருந்தீர்கள்? எனக்குக் கடிதம் போட வேண்டாம், தொலைபேசி எடுக்க வேண்டாம். அடுத்த மலரில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள்.